மகளிர் விடுதி இணையம்: வேகம் பரவாயில்லை, விதிகள் மாற வேண்டும்

பல்கலைக்கழக விடுதியில் சேரும்போது சாப்பாடு எப்படி, தண்ணீர் ஒழுங்காக வருமா, அறைக்கு எத்தனை பேர் என்றெல்லாம் விசாரிப்போம். இணையம் பற்றிக் கேட்டால் "வைஃபை இருக்கு" என்று முடித்துவிடுவார்கள். அதில் எது நடக்கும், எது நடக்காது என்பது உள்ளே வந்த பிறகுதான் தெரியும். வருகிற ஆண்டில் விடுதிக்கு வரப்போகும் பெண்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் உதவட்டும் என்று இதை எழுதுகிறேன்.

நான் தமிழ்நாட்டில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் நெல் மரபணுத் தரவுகளை வைத்து முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். எம்.எஸ்சி.யும் இங்கேதான் படித்தேன். அதனால் மகளிர் விடுதியின் பழைய கட்டடம், புதுக் கட்டடம் இரண்டிலும் இருந்திருக்கிறேன். பல்கலைக்கழகத்தின் பெயர் வேண்டாம். இன்னும் அங்கேதான் படிக்கிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். செமஸ்டருக்கு 600 ரூபாய் விடுதிக் கட்டணத்தோடு சேர்த்து வாங்குகிறார்கள். அந்தக் காசுக்கு இது நியாயமான இணைப்பு. புதுக் கட்டடத்தில் ஒவ்வொரு மேசைக்கும் ஒரு லேன் பாயின்ட் உண்டு. அதில் கேபிள் செருகினால் காலை ஆறு மணிக்கு நொடிக்கு 60, 70 மெகாபிட் (எம்பிபிஎஸ்) வரை வேகம் வருகிறது. பழைய கட்டடத்தில் தாழ்வாரத்தில் மாட்டிய வைஃபை பெட்டி மட்டும்தான். சுவர்கள் கனமானவை. கதவைச் சாத்தினால் கடைசி அறைகளில் சிக்னல் பாதியாகிவிடும். இரவு ஒன்பது மணிக்கு மேல், எல்லோரும் சாப்பிட்டு அறைக்குத் திரும்பிய பிறகு, எந்தக் கட்டடமானாலும் இரண்டு மூன்று எம்பிபிஎஸ்தான். ஐபிஎல் நாட்களில் அதுவும் சந்தேகம்.

நாளொன்றுக்கு 3 ஜிபி வரை முழு வேகம், அதற்கு மேல் 512 கேபிபிஎஸ், அதாவது அரை எம்பிபிஎஸ். சாதாரணப் படிப்புக்கு இது போதும். என்னைப் போன்றவர்களுக்குப் போதாது. உலகின் 3,000 நெல் ரகங்களின் மரபணுத் தொகுதிகளை வாசித்து 2014-இல் பொதுவில் வைத்தார்கள். பிலிப்பைன்ஸில் இருக்கும் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனமும் சீன நிறுவனங்களும் சேர்ந்து செய்த வேலை அது. யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஆனால் ஒரு ரகத்துக்கே சில ஜிபி ஆகும். நான்கைந்து ரகங்களை ஒப்பிட வேண்டுமென்றால் அன்றன்றைக்கு அளந்து இறக்க வேண்டியிருக்கிறது. வழிகாட்டியின் கையெழுத்தோடு கணினி மையத்தில் விண்ணப்பம் கொடுத்தால் ஆய்வு மாணவர்களுக்கு இந்த வரம்பை 10 ஜிபியாக உயர்த்துவார்கள். இந்த வசதி இருப்பதே பலருக்குத் தெரியாது. எந்த அறிவிப்புப் பலகையிலும் இல்லை. விண்ணப்பத்தில் எந்தத் தளத்திலிருந்து என்ன தரவு என்று எழுதிவிடுங்கள், சீக்கிரம் கிடைக்கும்.

லாகின் விஷயத்தில் புதிதாக வருபவர்கள் எல்லோரும் சிக்கும் ஓர் இடம் இருக்கிறது. ஒரு பெயருக்கு இரண்டு கருவிகள்தான் என்பது விதி. ஒரு போன், ஒரு மடிக்கணினி. நூலகத்துக்குப் போய் வந்த மறுநாள் "கருவிகளின் எண்ணிக்கை முடிந்தது" என்று சொல்லி மடிக்கணினியை உள்ளே விடாது. திருட்டுத்தனமாக யாரோ நம் பாஸ்வேர்டைப் பயன்படுத்துகிறார்கள் என்று பயந்து வார்டனிடம் போனவர்கள் உண்டு. உண்மையில் நடப்பது வேறு. ஆண்ட்ராய்டு 10 முதலும் ஐபோனில் ஐஓஎஸ் 14 முதலும் போன்கள் தம் சொந்த மேக் முகவரியை, அதாவது வைஃபை தம்மை அடையாளம் காணும் எண்ணை, காட்டுவதில்லை. ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு கற்பனை முகவரியை உருவாக்கிக் கொடுக்கின்றன. விளம்பரக்காரர்கள் நம்மைப் பின்தொடராமல் இருக்க இது நல்ல ஏற்பாடு. ஆனால் விடுதி வைஃபைக்கு ஒரு முகவரி, நூலக வைஃபைக்கு இன்னொரு முகவரி என்றால் கணினி மையத்தின் கணக்கில் ஒரே போன் இரண்டு கருவி ஆகிவிடுகிறது. போனின் வைஃபை அமைப்பில் அந்தந்த இணைப்பைத் திறந்து, தனியுரிமை என்ற இடத்தில் போனின் சொந்த மேக் என்று மாற்றிவிட்டால் சிக்கல் தீர்ந்தது. வளாகத்து வைஃபைகளுக்கு மட்டும் மாற்றுங்கள். வெளியே பேருந்து நிலையத்திலும் தேநீர்க் கடையிலும் பழையபடியே இருக்கட்டும்.

இனி விதிகள். சேரும் நாளில் ஒரு தாள் கொடுத்துக் கையெழுத்து வாங்குகிறார்கள். ஆங்கிலத்தில் இருக்கும். பெற்றோரின் கையெழுத்தும் வேண்டும். பாஸ்வேர்டைப் பகிரக் கூடாது, ரவுட்டர் வைக்கக் கூடாது, டோரன்ட் (பலரின் கணினிகளிலிருந்து துண்டு துண்டாகக் கோப்பு இறக்கும் முறை) கூடாது, விபிஎன் (நம் இணையப் போக்குவரத்தை வேறொருவர் கணினி வழியாகத் திருப்பும் செயலி) கூடாது, வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது, ஆட்சேபத்துக்குரிய எதையும் பார்க்கக் கூடாது, நிர்வாகம் எப்போது வேண்டுமானாலும் இணைப்பைத் துண்டிக்கலாம். அவ்வளவுதான். ஏன் என்று ஒரு வரி கிடையாது. இந்தச் சேவையின் பெரிய குறை என்று நான் நினைப்பது இதைத்தான். ஏனென்றால் இவற்றில் பல விதிகள் உண்மையிலேயே தேவையானவை.

ரவுட்டர் விதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருநாள் மாலை எங்கள் மாடி முழுக்க இணையம் போய்விட்டது. வைஃபை கோடுகள் முழுதாக இருக்கின்றன, லேன் விளக்கு பச்சையாக எரிகிறது, லாகின் பக்கம் மட்டும் வரவே இல்லை. என் மடிக்கணினியின் ஐபி முகவரியை, அதாவது வலையில் அதற்குக் கிடைத்த எண்ணைப் பார்த்தேன். எங்கள் விடுதியில் அது 10 என்றுதான் தொடங்கும். அன்று 192.168.0 என்று தொடங்கியது. பக்கத்து அறைகளிலும் அதே கதை. அப்புறம் கணினி மையத்திலிருந்து வந்தவர் அறைகளின் லேன் கேபிள்கள் வந்து சேரும் தாழ்வாரத்து ஸ்விட்ச் பெட்டியைத் திறந்து, மடிக்கணினியை இணைத்து, எந்தப் போர்ட்டிலிருந்து (கேபிள் துளையிலிருந்து) அந்த முகவரிகள் வருகின்றன என்று தேடிக் கண்டுபிடித்தார். மாடியின் கடைசி அறை. முதலாண்டு மாணவி ஒருத்திக்கு அப்பா வீட்டிலிருந்து ரவுட்டர் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார், அறையில் சிக்னல் இல்லை என்பதற்காக. சுவரிலிருந்து வரும் கேபிளை அதன் நீலத் துளையில் செருக வேண்டும். அவள் மஞ்சள் துளைகளில் ஒன்றில் செருகிவிட்டாள். உடனே அந்த ரவுட்டர் அவள் கருவிகளுக்கு மட்டும் முகவரி கொடுக்காமல், அந்த வலையில் முகவரி கேட்ட எல்லோருக்கும் கொடுக்கத் தொடங்கிவிட்டது. அதை வாங்கிய கருவி எதுவும் வெளியே போக முடியாது.

அந்தப் பெண் அழுதுவிட்டாள். வார்டன் மேடம் விளக்கக் கடிதம் கேட்டார்கள். எனக்கு அவள்மேல் கோபமே வரவில்லை. "ரவுட்டர் கூடாது" என்ற இரண்டு சொல்லோடு, "தவறாக இணைத்தால் மாடி முழுக்க இணையம் நின்றுவிடும்" என்று ஐந்தாறு சொல் சேர்த்திருந்தால் அவள் செருகியிருக்கவே மாட்டாள். தவிர, இதைத் தடுக்க ஸ்விட்சிலேயே வழி இருக்கிறது. டிஎச்சிபி ஸ்னூப்பிங் என்பார்கள். அனுமதித்த போர்ட்டிலிருந்து மட்டுமே முகவரி வழங்க விடும். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அதை இயக்கி வைத்தார்கள். முன்பே செய்திருக்கலாம்.

பாஸ்வேர்ட் விதியும் அப்படித்தான். விடுதியில் இருக்கும் அத்தனை பேரும் வெளியுலகுக்கு ஒரே ஐபி முகவரியில்தான் தெரிவோம். ஒரே கதவு எண்ணில் ஆயிரம் பேர் குடியிருப்பது போல. காவல்துறையிலிருந்து ஒரு கேள்வி வந்தால் உள்ளே யார் என்று சொல்ல லாகின் பதிவு ஒன்றுதான் சாட்சி. கணினி அமைப்புகளின் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் உத்தரவு போட்டது. தோழி கேட்கிறாள் என்று பாஸ்வேர்டைக் கொடுத்தால், அவள் செய்ததற்கும் உங்கள் பெயர்தான் பதிவில் நிற்கும். டோரன்ட்டில் பதிப்புரிமை உள்ள படம் இறக்குவதும் சும்மா ஒரு விடுதிக் குற்றம் இல்லை. பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 63-ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடம் இருக்கிறது. இறக்கும்போதே நம் கருவி அதை மற்றவர்களுக்கு ஏற்றவும் செய்கிறது என்பது பலருக்குத் தெரியாது. ஒரு டோரன்ட் நூற்றுக்கணக்கான இணைப்புகளைத் திறப்பதால் பக்கத்து அறையில் வகுப்பு பார்ப்பவளுக்கும் தடங்கல்.

தாளில் இல்லாத, ஆனால் கட்டாயம் இருக்க வேண்டிய ஒன்று: ஆய்விதழ்களை மொத்தமாக இறக்குவது. 2025 ஜனவரி முதல் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் 30 பதிப்பாளர்களின் 13,000 அளவிலான இதழ்கள் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குத் திறந்திருக்கின்றன. எங்களைப் போன்ற மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு இது பெரிய வரம். ஆனால் எந்தப் பதிப்பாளரும் மென்பொருள் வைத்து மொத்தமாக இழுப்பதை அனுமதிப்பதில்லை. கண்டுபிடித்தால் அந்த ஐபி முகவரியையே தடுத்துவிடுவார்கள், வளாகம் முழுக்கப் படிக்க முடியாது. 2010-இல் அமெரிக்காவில் எம்ஐடி வளாகத்து இணைப்பிலிருந்து ஆரன் ஸ்வார்ட்ஸ் என்ற நிரலாளர் லட்சக்கணக்கான கட்டுரைகளை இறக்கியபோது, ஆய்விதழ்க் களஞ்சியமான ஜேஸ்டோர் எம்ஐடிக்கே சில நாள் கதவைச் சாத்தியது. இதையெல்லாம் சேரும் நாளிலேயே சொன்னால் என்ன?

தளங்களைத் தடுப்பதில் நிதானம் இல்லை. சூதாட்டம், ஆபாசம் தடுக்கட்டும், யாருக்கும் மறுப்பு இல்லை. ஆனால் காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை 'ஸ்ட்ரீமிங்' என்று சொல்லி யூடியூபைத் தடுக்கிறார்கள். என்பிடெல் பாடங்களின் காணொளிகள் யூடியூபில்தான் இருக்கின்றன. ஐஐடி பேராசிரியர்களின் பாடத்தை அரசே காசு போட்டு எடுத்து வைக்கிறது, அரசுப் பல்கலைக்கழக விடுதியில் பகலில் அதைப் பார்க்க முடியாது. கோப்புகளை இறக்கும் பழைய வழியான எஃப்டிபி மூடியிருக்கிறது. ஐரோப்பிய மரபணுத் தரவகத்திலிருந்து வேகமாக இறக்கப் பயன்படும் அஸ்பெரா என்ற மென்பொருள் யுடிபி 33001 போர்ட் (இணையப் போக்குவரத்துக்கான எண்ணிட்ட வாசல்) வழியாகப் போகும், அதுவும் மூடியிருக்கிறது. வேறொரு கணினியோடு பாதுகாப்பாக இணையும் எஸ்எஸ்எச்சுக்கான 22-ஆம் போர்ட் மூடியிருப்பதால், நிரல்களைச் சேமிக்கும் தளமான கிட்ஹப்பில் அந்த வழியாக நிரல் ஏற்ற முடியாது. அதற்கு மட்டும் கிட்ஹப்பே 443 போர்ட் வழியாக மாற்றுப் பாதை வைத்திருக்கிறது, அமைப்பில் ஒரு சின்ன மாற்றம் செய்தால் போதும். இப்படித் தேவையானதையெல்லாம் தடுத்தால் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? முகம் தெரியாத இலவச விபிஎன் செயலியை இறக்குவார்கள். நம் போக்குவரத்து முழுவதும் அந்த முகம் தெரியாதவன் கையில். விபிஎன்னைத் தடைசெய்யும் விதியே பிள்ளைகளை அதன் பக்கம் தள்ளுகிறது.

இனி எனக்கு மிகவும் வருத்தமான விஷயத்துக்கு வருகிறேன். மகளிர் விடுதியில் இரவு 11 முதல் காலை 5 வரை இணையம் கிடையாது. ஆண்கள் விடுதியில் இந்த நிறுத்தம் இல்லை.

கேட்டால் உடல்நலம், தூக்கம், பெற்றோர் விருப்பம் என்று மூன்று காரணம் சொல்கிறார்கள். மூன்றையும் மரியாதையோடு கேட்டேன். ஒன்றும் நிற்கவில்லை. எங்கள் வாசல் கதவு இரவு 8.30-க்குப் பூட்டப்படுகிறது. அதற்குப் பிறகு ஆய்வகமோ நூலகமோ எங்களுக்கு இல்லை. அறைதான் ஆய்வகம். அதே துறையில் என்னோடு சேர்ந்த ஆண் ஆய்வாளர் நள்ளிரவு வரை ஆய்வகத்தில் இருக்கலாம், திரும்பி வந்து அறையிலும் வேலை பார்க்கலாம். ஒரே வழிகாட்டி, ஒரே உதவித்தொகை, ஒரே கெடு. எனக்கு மட்டும் நாளில் ஆறு மணி நேரம் குறைவு. அமெரிக்காவில் மதியம் ஒன்றரை மணிக்கு நடக்கும் கருத்தரங்கு நமக்கு இரவு 11. கோடைக்காலக் கணக்குப்படி நியூயார்க்குக்கும் நமக்கும் ஒன்பதரை மணி நேரம். என் துறையில் நல்ல பயிற்சி வகுப்புகள் பல அந்த நேரத்தில்தான் வருகின்றன.

தூக்கத்துக்காக என்றால் அதுவும் நடக்கவில்லை. போன் டேட்டா இருப்பவர்கள் பதினொன்றுக்கு மேலும் பார்க்கிறார்கள். ஜியோவில் 2024 ஜூலையில் கட்டணம் ஏற்றிய பிறகு நாளுக்கு 2 ஜிபி தரும் 28 நாள் திட்டம் 349 ரூபாய் ஆனது. அதைப் போட முடிந்தவளுக்கு இரவு இருக்கிறது, முடியாதவளுக்கு இல்லை. எங்கள் விடுதியில் பலர் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். மாதாமாதம் 349 அவர்களுக்குச் சின்னத் தொகை இல்லை. தரைத்தளத்தில் டவர் எடுக்காது என்பதால் டேட்டா போட்டவர்களும் இரண்டாம் மாடிப் படிக்கட்டில் மடியில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். தேர்வு மாதங்களில் அந்தப் படிக்கட்டில் நடக்க இடம் இருக்காது.

இன்னொன்று. கனமான தரவை எப்போது இறக்குவது எல்லோருக்கும் நல்லது? கூட்டம் இல்லாத நேரத்தில். இரவு இரண்டு மணிக்கு இணைப்பு முழுவதும் சும்மா கிடக்கிறது. அப்போது என் 8 ஜிபியை இறக்க விட்டால், மாலை ஏழு மணிக்குப் பாடம் பார்க்கும் முதலாண்டுப் பெண்ணுக்கு வேகம் குறையாது. அந்த நேரத்தைப் பூட்டி வைத்துவிட்டு மாலையில் நெரிசல் என்று 3 ஜிபி வரம்பு போடுகிறார்கள்.

இரவில் நிறுத்துவது எங்கள் ஊர்ப் பழக்கம் மட்டும் இல்லை. 2007-இல் ஐஐடி பம்பாயும் விடுதிகளில் இரவு இணையத்தை நிறுத்தியது, காலை வகுப்புக்குப் பிள்ளைகள் வருவதில்லை என்று. அதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் பெண்களுக்கு மட்டும் என்பது வேறு விஷயம். கோழிக்கோடு பக்கம் ஒரு கல்லூரியின் பெண்கள் விடுதியில் குறிப்பிட்ட நேரம் போனை ஒப்படைக்க வேண்டும் என்று விதி இருந்தது. மறுத்த மாணவியை விடுதியிலிருந்து வெளியேற்றினார்கள். அவர் வழக்குப் போட்டார். 2019 செப்டம்பரில் கேரள உயர்நீதிமன்றம், இணையத்தைப் பயன்படுத்தும் உரிமை கல்வி உரிமையிலும் அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் தனியுரிமையிலும் அடங்கும் என்று சொல்லி, அவரைத் திரும்பச் சேர்க்க உத்தரவிட்டது. அந்தத் தீர்ப்பின் பிரதியை எங்கள் மனுவோடு இணைத்துப் பதிவாளருக்குக் கொடுத்திருக்கிறோம். ஆய்வு மாணவிகள் மட்டுமல்ல, எம்.எஸ்சி. பெண்களும் கையெழுத்துப் போட்டார்கள். பதில் இன்னும் வரவில்லை.

கணினி மையத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மூன்று பேர் வளாகம் முழுவதையும் பார்க்கிறார்கள். விடுதி அலுவலகத்து ரிஜிஸ்டரில் எழுதினால் மறுநாள் வருகிறார்கள், பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள், கேபிள் முனை உடைந்திருந்தால் அங்கேயே மாற்றித் தருகிறார்கள். இந்தச் சேவையில் நான் முழு மதிப்பெண் கொடுப்பது அவர்களுக்குத்தான். இரவு நிறுத்தம் அவர்கள் எடுத்த முடிவு இல்லை. அவர்களிடம் சண்டை போடாதீர்கள்.

மொத்தத்தில் 5-க்கு 3 கொடுப்பேன். ஆண்கள் விடுதியில் இருந்து எழுதியிருந்தால் 4 கொடுத்திருப்பேன்.

வருபவர்கள் ஐந்து மீட்டர் கேட் 6 லேன் கேபிள் ஒன்று கொண்டு வாருங்கள். மெல்லிய மடிக்கணினியில் லேன் துளை இருக்காது, யுஎஸ்பி சி அடாப்டரும் வேண்டும். லாகின் செய்யப் பாதுகாப்புச் சான்றிதழ் ஒன்றைப் போனில் நிறுவச் சொன்னால் உடனே செய்யாதீர்கள். எங்கள் விடுதியில் கேட்பதில்லை, வேறு விடுதிகளில் கேட்கிறார்கள். அதை நிறுவினால் பூட்டுப் போட்ட தளங்களில் நீங்கள் எழுதுவதையும் வைஃபை நடத்துபவர்கள் நடுவில் திறந்து படிக்க முடியும். கேட்டால் எழுத்தில் விளக்கம் வாங்குங்கள், வங்கி வேலையைப் போன் டேட்டாவில் வைத்துக்கொள்ளுங்கள். விதித் தாளில் கையெழுத்துப் போடும் முன் அதன் நகல் ஒன்றும் கேளுங்கள். எங்களுக்கு யாரும் தானாகத் தரவில்லை, கேட்டவர்களுக்குக் கிடைத்தது.